சாரல் காலத்தில் ஒரு ஹரிக்கேன்: பழைய 1/72 கிட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

செங்கோட்டையில் ஜூன் பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிடும். பின்னாலேயே சாரல். துவைத்துப் போட்ட வேட்டி இரண்டு நாள் ஆனாலும் கொடியில் ஈரம் சொட்டாத ஈரத்தோடு கிடக்கும். அந்த ஊரில், அந்தப் பருவத்தில், 1970களின் அச்சில் வார்த்த ஒரு ஹாக்கர் ஹரிக்கேன் மார்க் 2சி போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட், அசலில் 72-இல் ஒரு பங்கு அளவு, பிரிக்கப்பட்டது. ஜூன் மூன்றாம் வாரம் தொடங்கிய வேலை செப்டம்பர் முதல் வாரத்தில் முடிந்தது. கோடையில் என்றால் ஐந்து வாரம் போதும்.

கூடுதலாகப் போன நாட்களில் பெரும்பகுதி, ஒருமுறை செய்ததைத் திரும்பச் செய்வதிலேயே போயிற்று. ஐந்து இடங்களில் வேலை கெட்டது. உடற்பகுதியின் இணைப்புக் கோடு மறைந்த பிறகு மறுபடி தெரிந்தது. அடிவயிற்றில் போட்ட புட்டி உள்வாங்கியது. பளபளப்பு வார்னிஷ் வெளுத்தது. டீகால்களுக்கு, அதாவது நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்களுக்கு, அடியில் வெள்ளி படர்ந்தது. விமானியின் அறைமேல் இருக்கும் கண்ணாடி மூடியான கேனோபிக்குள் புகை படிந்தது. பார்வைக்கு ஐந்தும் வெவ்வேறு கோளாறுகள். ஆனால் ஐந்திலும் நடந்தது ஒன்றே: வெளியேற வேண்டிய ஏதோ ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டது. கரைப்பான், தின்னர், நீர், காற்று, பசையின் ஆவி. பழைய கிட் என்றால் அச்சின் குறைகளைத்தான் எல்லாரும் பேசுகிறோம். அச்சின் குறைகள் பெட்டியைத் திறந்த அன்றே கண்ணில் பட்டுவிடும். அவற்றுக்குத் திட்டம் போடலாம். இந்த ஐந்தும் அந்தந்த வேலை முடிந்தது என்று நினைத்த பிறகு வந்தவை.

விமானமும் கிட்டும்

ஹரிக்கேன் முதலில் பறந்தது 1935 நவம்பர் 6-இல். அதன் உடலமைப்பு அப்போதே பழைய பாணி: எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மரச் சட்டங்கள், பின்பாதி முழுவதும் டோப் (துணியை இறுக்கும் வார்னிஷ்) பூசிய துணி. மூக்குப் பகுதிக்கு உலோகத் தகடு. போர்க்காலத்தில் வந்த மார்க் 2சி-யின் இறக்கைகளும் உலோகத் தகட்டால் ஆனவை. அவற்றில் நான்கு 20 மி.மீ. ஹிஸ்பானோ பீரங்கிகள். இந்த அமைப்பை அறியாமல் கிட்டின் மேற்பரப்பைத் திருத்தக் கூடாது, ஏனென்றால் விமானத்தின் முன்பாதியும் பின்பாதியும் இரண்டு வேறு பொருட்கள்.

மாடலுக்குத் தேர்ந்த வடிவம் 1944-இல் இம்பாலில் இருந்த இந்திய விமானப்படையின் 1-ஆம் ஸ்குவாட்ரன். அர்ஜன் சிங் தலைமையில் ஹரிக்கேன்களில் ஜப்பானியர் நிலைகளை வேவு பார்த்த படைப்பிரிவு அது. அந்தப் பணிக்காகவே அவருக்கு விமானிகளின் வீரத்துக்கான டி.எஃப்.சி. விருது கிடைத்தது. நம் நாட்டு விமானிகள் போரில் ஓட்டிய விமானம் நம் மேசைகளில் இவ்வளவு குறைவாக இருப்பது வருத்தம்தான். ஹரிக்கேன் என்றாலே 1940-இன் பிரிட்டன் வானம்தான் பெட்டிப் படமாக வருகிறது; பெட்டியில் கிடைத்த டீகாலும் பிரிட்டனில் பறந்த விமானத்துக்கானதே.

அசல் இறக்கை அகலம் 12.19 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 169.3 மி.மீ. ஒட்டாமல் டேப் போட்டுப் பொருத்தி அளந்ததில் கிட் 169 மி.மீ. வந்தது. நீளமும் அரை மி.மீ. வித்தியாசத்துக்குள் அடங்கியது. அந்தக் கால அச்சுகளில் பல இப்படித்தான். உருவம் சரியாக இருக்கும், மேற்பரப்பும் பொருத்தமும் சொதப்பும். உருவமே பிழையாக இருந்திருந்தால் இந்த உழைப்புக்குப் பொருளில்லை. எனவே முதல் மாலையில் கத்தியை எடுக்கும் முன் ஸ்கேலை எடுக்க வேண்டும்.

குறைகள் இவை. இடது உடற்பாதி வால் பக்கம் 1.5 மி.மீ. வளைந்திருந்தது. இறக்கை உடலோடு சேரும் அடியில் ஒவ்வொரு பக்கமும் 0.8 மி.மீ. இடைவெளி. இறக்கையின் பின்விளிம்பு ஒரு மி.மீ. தடிமன், அசலுக்குக் கணக்கிட்டால் 72 மி.மீ., அதாவது விமானத்தின் கத்தி விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரப்பலகை. பின்பாதித் துணிக்குச் சாக்குப் பையின் நெசவு. பீரங்கிகள் நான்கு உருண்டைக் குச்சிகள். கேனோபி கலங்கி, ஓரத்தில் 1 மி.மீ. தடித்திருந்தது. டீகால் தாள் பழுத்த வெற்றிலை நிறம்.

பாகங்கள் எல்லாம் ஸ்ப்ரூவோடு (அவற்றைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு) வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவப்பட்டன. அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய்ப் பசை பழைய கிட்களில் இன்றும் இருக்கும். ப்ரைமர் என்ற அடிப்பூச்சு உரிந்து வருவதற்குப் பாதி வேளை அதுதான் காரணம். வளைந்த உடற்பாதியை 70 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் முக்கி, கையால் நேர்ப்படுத்தி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் விட்டால் நின்றுவிடும். கொதிநீர் கூடாது. பாலிஸ்டைரீன் 100 டிகிரி அருகில் இளகிவிடும். மெல்லிய வால் முனை அதற்கு முன்பே சுருண்டுகொள்ளும்.

ஒட்டுவதற்கு முன் தேய்ப்பது

பின்விளிம்பை வெளிப்புறமாகத் தேய்த்தால் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடுகள் போகும். எனவே உட்புறம். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் 320 எண் வாட்டர் பேப்பரை ஒட்டி, மேல் இறக்கைத் துண்டுகளின் உட்பக்கத்தையும், கீழ் இறக்கையின் உட்பக்கப் பின்விளிம்பையும் தனித்தனியே தேய்க்க வேண்டும். விரல் அழுத்தம் பின்விளிம்பின்மேல் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு துண்டும் விளிம்பில் 0.15 மி.மீ. வரும்வரை தேய்த்தால் ஒட்டிய பிறகு 0.3 மி.மீ. அசலில் 2 செ.மீ. சற்று மிகை என்றாலும் கண் ஏற்றுக்கொள்கிறது. இறக்கை ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இந்தக் கிட்டில் செய்த எல்லா வேலைகளிலும் செலவுக்குத் தக்க பலன் தந்தது இதுவே.

பின்பாதியின் நெசவை 600 எண் தாளால் ஈரத் தேய்ப்பில் கரைத்துவிடலாம். டோப் இறுகிய துணியில் நெசவு தெரியாது. 72-இல் ஒரு பங்கில் அது இன்னும் தெரியாது. தெரிய வேண்டியது உள்ளே நீளவாட்டில் ஓடும் மரச் சட்டங்களின் மேடும், இடையில் துணி லேசாகத் தொய்ந்திருப்பதும். மேடுகளின் உச்சியைத் தொடாமல், பள்ளங்களில் சுருட்டிய தாளால் தேய்க்க வேண்டும்.

மூக்கிலும் இறக்கையிலும் உள்ள பேனல் கோடுகள் எழும்பிய வகை. எல்லாவற்றையும் மழித்துவிட்டுப் பள்ளக் கோடாகக் கீறும் வழக்கம் இருக்கிறது. இந்த மாடலில் அது செய்யப்படவில்லை, செய்யத் தேவையும் இல்லை. கையால் கீறும் 0.3 மி.மீ. பள்ளம் அசலில் 2 செ.மீ. வாய்க்கால். மெல்லிய எழும்பு கோடு அதைவிட உண்மைக்கு அருகில் நிற்கிறது. இணைப்பைத் தேய்க்கும்போது அழிந்த கோடுகளுக்கு மட்டும் இழுத்த ஸ்ப்ரூ: ஒரு ஸ்ப்ரூ துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு இரண்டு விரல்கடை மேலே சுழற்றி, இளகி மினுங்கியதும் சுடரைவிட்டு விலக்கி இழுத்தால் தலைமுடி போன்ற இழை கிடைக்கும். அதைக் கோட்டில் வைத்துத் தூரிகை நுனியால் மெல்லிய சிமென்ட் தொட்டு, ஒரு நாள் கழித்து 1000 எண் தாளால் தட்டையாக்கினால் பக்கத்துக் கோடுகளோடு சேர்ந்துவிடும்.

காக்பிட்டில் அதிகம் செய்ய வேண்டியதில்லை. ஹரிக்கேனுக்கு முழுத் தளம் கிடையாது. விமானியின் குதிகால்கள் இரண்டு தடப் பலகைகள்மேல் இருக்கும், கீழே குழாய்களும் இருட்டும். கிட்டில் ஒரு பலகையும் ஒரு நாற்காலியுமே இருந்தன. பலகையை வெட்டி இரண்டு பட்டைகளாக்கி, பக்கங்களில் இழுத்த ஸ்ப்ரூவால் நான்கு குழாய்கள், மாஸ்கிங் டேப்பில் 0.7 மி.மீ. அகல இருக்கை வார்கள். நிறம் விமானச் சாம்பல்பச்சை, பி.எஸ். 381சி என்ற பிரிட்டிஷ் நிற எண் வரிசையில் 283. மூடிய கேனோபி வழியாக இதற்குமேல் தெரியாது. கருவிப் பலகையை ஒட்ட ஃபெவிக்விக் பயன்பட்டது. ஒரு மாதம் கழித்துக் கேனோபி கெட்டதற்கு வித்து அங்கே விழுந்தது.

இறக்கை அடியும் முதல் இரண்டு கோளாறுகளும்

பழைய ஹரிக்கேன் கிட்களில் பார்ப்பவர் கண் முதலில் போகும் இடம் இறக்கை உடலைச் சேரும் வளைவு. அங்கே புட்டி போட்டுத் தேய்த்தால் வளைவின் உருவமே கெடும். இடைவெளியைப் பிறப்பிக்காமல் இருப்பதே வழி.

இரண்டு பக்கமும் 0.8 மி.மீ. இருந்ததல்லவா, அதை இரண்டாகப் பிரித்துத் தீர்க்கப்பட்டது. உடற்பகுதியின் கீழ்த்திறப்பில், இறக்கையின் நடுவுக்கு நேராக, இயல்பான அகலத்தைவிட 1.1 மி.மீ. நீளமான ஸ்ப்ரூ குச்சி குறுக்கே கொடுக்கப்பட்டது. இரு பக்கச் சுவரும் தலா 0.55 மி.மீ. வெளியே தள்ளி நின்றன. மீதி 0.25-க்கு அதே தடிமனில் பிளாஸ்டிக் அட்டைச் சீவல், ஒட்டி, உபரியை மேல்பரப்போடு சமமாக வெட்டியாயிற்று. புட்டி ஒரு துளிகூட மேலே வரவில்லை. குச்சியை இன்னும் நீட்டி முழு 0.8-ஐயும் தள்ளினால் உடல் பானை வயிறு போலப் புடைக்கும், முதுகு இணைப்பும் பிளக்கும்.

மேல்நோக்கிய சாய்வில் ஒரு கவனம். ஹரிக்கேனின் நடுப்பகுதி தட்டை. அதற்கு வெளியே உள்ள இறக்கை மட்டும் சுமார் மூன்றரை டிகிரி ஏறும். 60 மி.மீ. தூரத்துக்கு மூன்றரை டிகிரி என்றால் 3.7 மி.மீ. உயரம். கண்ணாடிமேல் நடுப்பகுதியைப் படிய வைத்து, இரு நுனிகளுக்கும் அடியில் சீட்டுக்கட்டுச் சீட்டுகளை அடுக்கினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.3 மி.மீ. என்று கூட்டிக் குறைக்க எளிது. இறக்கை நுனியை நோக்கி மெலிவதால் அடிப்பரப்பு கணக்கைவிடச் சற்று அதிகமாகவே எழும்பும். ஆகவே எண்ணிக்கையைவிட இரு பக்கமும் ஒரே எண்ணிக்கைச் சீட்டு இருப்பது முக்கியம். விட்டுப் பார்த்தபோது இடது நுனி 1.5 மி.மீ. தாழ்ந்திருந்தது, இறக்கைமேல் குறுக்கே இழுத்துக் கட்டிய டேப் அதைத் தூக்கியது.

இனி கெட்டது. உடற்பாதிகள் தமியா மெல்லிய சிமென்டால் ஒட்டப்பட்டன. அந்தச் சிமென்ட் பசை அல்ல. அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும் பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றோடொன்று கலக்கின்றன. அழுத்தும்போது இணைப்பு நெடுகப் பிதுங்கும் மணி அந்த இளகிய பிளாஸ்டிக்கே. அதற்குள் கரைப்பான் இருக்கும்வரை அது உப்பியிருக்கும். இங்கே மூன்றாம் நாள் தேய்த்துச் சமமாக்கி, ப்ரைமர் அடித்துப் பார்த்தபோது கோடே இல்லை. இரண்டு வாரம் கழித்து, பச்சை வண்ணத்தின் அடியில் முதுகு நெடுக ஒரு மெல்லிய பள்ளம். உப்பியிருந்த நிலையில் சமமாக்கியதால், கரைப்பான் போனதும் அது சுருங்கித் தாழ்ந்துவிட்டது.

இங்கே சாரலைக் குறை சொல்வது தவறு. காற்றில் நீர் நிறைந்திருப்பது அசிட்டோன் ஆவியாவதைத் தடுக்காது. தடுத்தவை இரண்டு: 25, 26 டிகிரியில் தங்கிய குளிர்ச்சியும், மூடிய உடற்பகுதிக்குள் ஆவி வெளியேற வழியில்லாததும். வால்சக்கரத் துளையையும் மூக்கின் புரொப்பெல்லர் துளையையும் திறந்தே விட்டு, ஏழு நாள் காத்திருந்து தேய்த்திருந்தால் வந்திருக்காது. திருத்தியபோது மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டியான அடிப்பூச்சைத் தூரிகையால் கோட்டில் இரண்டு முறை, இடையில் இரண்டு நாள் விட்டுப் பூசி, 1000 எண் தாளால் தேய்த்து மறுபடி வண்ணம் அடிக்கப்பட்டது.

இரண்டாவது, இறக்கையின் கீழ்த்துண்டு வயிற்றோடு சேரும் பின்பக்க இடைவெளி. ஒரு மி.மீ. அகலம், அதே ஆழம். ஆட்டோ பெயின்ட் கடைகளில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) புட்டியை ஒரே மூச்சில் நிரப்பியதுதான் பிழை. அந்தப் புட்டி தின்னர் ஆவியாகித்தான் இறுகும்; மேல்தோல் முதலில் இறுகி உள்ளிருப்பதைப் பூட்டிவிடும். நான்கு நாளில் நடுவில் குழிந்தது. தோண்டி எடுத்து, முதலில் சீவிய ஸ்ப்ரூ துண்டால் ஆழத்தை அடைத்து, மேலே ஃபெவிக்விக்கில் முகப்பவுடர் குழைத்துப் பூசியபோது நின்றது. அந்தக் கலவை சுருங்காது, காரணம் அது ஆவியாகி இறுகுவதில்லை. ஈரக்காற்றில் இன்னும் விரைவாகவே இறுகும். ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் பார்த்தால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, பக்கத்துப் பரப்பு பள்ளமாகும், புட்டி மேடாக நிற்கும். என்.சி. புட்டியைத்தான் விரும்புகிறவர்கள் 0.3 மி.மீ.-க்கு மேற்படாத அடுக்குகளாகப் போட்டு, அடுக்குக்கு இரண்டு நாள் விடலாம்.

சிறு பாகங்கள்

பீரங்கிக் குச்சிகள் வெட்டி எறியப்பட்டன. மருந்துக் கடையில் வாங்கிய புதிய ஊசிகள் அந்த இடத்துக்கு: 26 எண் ஊசியின் வெளிவிட்டம் 0.46 மி.மீ., ஹிஸ்பானோவின் முனைக்குப் பொருத்தம். 21 எண் ஊசி 0.82 மி.மீ., அடிப்பகுதியின் தடித்த உறைக்கு. முன்னது பின்னதற்குள் நுழையும். இடுக்கியால் நறுக்கினால் குழல் நசுங்கும். அரத்தின் விளிம்பை ஊசிமேல் வைத்து மேசையில் உருட்டினால் சுற்றிலும் தடம் விழுந்து தானாக முறியும். கூர் முனையை முதலில் முறித்து, மூடியிட்ட டப்பாவில் போட்டுவிட வேண்டும்.

ரோட்டால் புரொப்பெல்லரின் மூன்று அலகுகளும் தனித்தனியாக இருந்தன. மெர்லின் என்ஜினின் புரொப்பெல்லர் விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுழல்வது. முன்னாலிருந்து பார்த்தால் எதிர்த்திசை. அலகின் முறுக்கை அதற்கு ஒத்திட்டுப் பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். பழைய கிட்டின் துளைகள் எப்படி வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். நுனியின் மஞ்சள் அசலில் நான்கு அங்குலம், மாடலில் 1.4 மி.மீ. ரேடியேட்டர் முகப்புக்கு மெல்லிய நைலான் டீ வடிகட்டியின் வலை. சக்கரங்கள், கதவுகள் பெட்டியில் இருந்தபடியே. வால்சக்கர விமானம் என்பதால் மூக்கில் எடை வைக்க வேண்டியதில்லை.

வண்ணமும் வெளுத்த வார்னிஷும்

மேலே அடர்பச்சையும் மண்பழுப்பும், கீழே மிதக் கடற்சாம்பல். பி.எஸ். 381சி-யில் முறையே 641, 450, 637. தமியாவில் பச்சைக்கு எக்ஸ்.எஃப்-81, சாம்பலுக்கு எக்ஸ்.எஃப்-83, பழுப்புக்கு எக்ஸ்.எஃப்-52 அடிப்படை. ஹம்ப்ரால் வைத்திருப்போருக்குப் பழுப்பு 29, பச்சை 30. தென்காசி போன்ற ஊர்களில் மாடல் வண்ணம் கடையில் தொங்காது. தபாலில் வரும்வரை பொறுக்க முடியாதவர்கள் ஆட்டோ பெயின்ட் கடையில் இந்த எண்களைச் சொல்லிக் கலக்கச் சொல்வார்கள். கலந்து கிடைக்கும், ஆனால் என்.சி. தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ப்ரைமர் இல்லாமல் அதை அடிக்கவே கூடாது, ப்ரைமர்மேலும் தூவானம் போல நான்கைந்து மெல்லிய படலங்களாகத்தான்.

0.3 மி.மீ. ஏர்பிரஷ், 15 முதல் 18 பி.எஸ்.ஐ., வண்ணமும் தின்னரும் சரிபாதி. ஈரக்காற்றை அழுத்தும் கம்ப்ரசர் அதிலிருந்து நீரைப் பிழிந்து குழாயில் சேர்க்கும். நீர்ப்பிடிப்பான் கம்ப்ரசரின் வாயில் மட்டும் இருந்தால் போதாது. காற்று குழாயில் குளிர்ந்த பிறகுதான் துளி கட்டுகிறது, எனவே கைப்பிடியருகே இன்னொன்று வேண்டும். சாரல் காலத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது திறந்து வடிக்கப்பட்டது. வண்ண எல்லைகளுக்குக் காகித வார்ப்புருவைச் சிறு புளூடாக் உருண்டைகள்மேல் அரை மி.மீ. தூக்கி ஒட்டியதில் கோடு இறுக்கமாகவும், கத்தியால் வெட்டியது போல் இல்லாமலும் விழுந்தது.

அடுத்து, டீகாலுக்கு முன் அடிக்க வேண்டிய பளபளப்பு லாக்கர் வார்னிஷ். ஜூலை மாலை ஒன்றில், அறை வெப்பம் 26 டிகிரி, ஈரப்பதமானி 90 விழுக்காடு காட்டியபோது அடிக்கப்பட்டது. இரண்டு நிமிடத்தில் இடது இறக்கை முழுவதும் சாம்பல் பூத்தது.

காரணம் எண்ணிலேயே இருக்கிறது. 26 டிகிரியில் 90 விழுக்காடு ஈரம் உள்ள காற்று 24.2 டிகிரிக்குக் குளிர்ந்தால் நீர் படியத் தொடங்கும். தின்னர் ஆவியாகும்போது பரப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லிடுவது போல. இரண்டு டிகிரி குளிர்ந்தால் போதும், இன்னும் இளகியிருக்கும் வார்னிஷுக்குள் பனித்துளி விழுந்துவிடும். நீர் பிறகு போனாலும் அது விட்ட நுண்குழிகள் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். அதே அறையில் 32 டிகிரி, 60 விழுக்காடு என்றால் பனிநிலை சுமார் 23 டிகிரி. கிட்டத்தட்ட ஒன்பது டிகிரி குளிரும் வரை ஆபத்தில்லை. ஒருவர் வேலையைத் தள்ளிப்போட வேண்டுமா என்று முடிவு செய்ய இந்த ஒரு வித்தியாசம் போதும். ஈரப்பதமானி இல்லாமல் சாரல் காலத்தில் லாக்கர் அடிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கணவாய் இறங்குவதற்குச் சமம்.

விரைவில் உலரும் தின்னர் ஊற்றினால் சரியாகும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது கோளாறைக் கூட்டும், ஏனென்றால் விரைவாக ஆவியாகும் தின்னர் அதிகமாகக் குளிர்விக்கும். வேண்டியது மெதுவாக உலர்வது. பத்தில் ஒரு பங்கு ரிடார்டர் (உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை, வார்னிஷ் இல்லாமல், 12 பி.எஸ்.ஐ.-இல் தூவானமாக அடித்தபோது வெளுத்த படலம் மறுபடி இளகி, குழிகள் மூடித் தெளிந்தது. இதைச் செய்தது மறுநாள் பதினொரு மணிக்கு, காற்று நின்று வெயில் எட்டிப் பார்த்த இடைவெளியில். செங்கோட்டைப் பக்கம் சாரல் நாட்களிலும் அப்படி இரண்டு மணி நேரம் பெரும்பாலும் கிடைக்கும்; லாக்கருக்கு உரியது அந்த நேரம்தான்.

உலர்த்த ஒரு மரப்பெட்டியும் 25 வாட் குண்டு பல்பும் பயன்பட்டன. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. அடித்தவுடன் உள்ளே வைக்கவும் கூடாது. அரை மணி நேரம் வெளியில் இருந்து ஆவி அடங்கிய பிறகே பெட்டி, இல்லையேல் பல்பும் தின்னர் ஆவியும் ஒரே அறையில் சேரும். தெர்மாகோல் பெட்டியை இதற்கு எடுக்க வேண்டாம். அதுவும் பாலிஸ்டைரீனே, தின்னர் ஆவியில் கரையும், நெருப்பில் சட்டென்று பற்றும். சிலிக்கா ஜெல் பைகளை மீண்டும் உலர்த்தப் பழைய தகரத் தட்டு வைத்துக்கொள்ளலாம். நீலமாக நிறம் மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கக்கூடும் என்பதால் அடுக்களைத் தோசைக்கல்லுக்கு அது ஆகாது.

டீகால்

பெட்டியில் வந்த வட்டச் சின்னங்களில் நடுவே சிவப்பு இருந்தது. 1943-இல் இந்தியா, பர்மா பகுதியில் நேச நாட்டு விமானங்களிலிருந்து சிவப்பை நீக்கினார்கள், ஜப்பானின் சிவப்புச் சூரியனோடு குழம்பக் கூடாது என்று. எனவே இம்பால் விமானத்துக்கு அந்தத் தாள் உதவாது. கருநீலத்தின் நடுவே வெளிர்நீலம் கொண்ட சிறிய வட்டங்கள் வட்டக் கத்தரியால் வெட்டிய மாஸ்க் வழியாக வண்ணத்தாலேயே அடிக்கப்பட்டன. வண்ணத்தில் அடித்த சின்னம் துணி மேடுகளில் தோல் போல் படிகிறது. தடித்த பழைய டீகால் ஒருபோதும் அப்படிப் படியாது.

கிட்டின் தாளிலிருந்து எடுத்தவை சிறு எச்சரிக்கை எழுத்துகள் மட்டும். மஞ்சள் படலத்தை ஜன்னல் கண்ணாடியில் வெயில் பார்க்க இரண்டு வாரம் ஒட்டிவைத்தால் வெளுக்கும். சாரலில் அது நான்கு வாரம் ஆயிற்று. நாற்பதைம்பது வருடத் தாளை நேரே நீரில் போட்டால் துண்டு துண்டாகச் சிதறும் என்பதால், தேவையில்லாத ஒன்றை முதலில் முக்கிப் பார்த்து, மீதிக்கு மேல் ஒரு படலம் க்ளியர் அடித்து, ஒவ்வொன்றாக விளிம்பை ஒட்டி வெட்டிப் பயன்படுத்த வேண்டும். பதிவெண்ணுக்கும் அடையாள எழுத்துகளுக்கும் தனியாக வாங்கிய தாள்.

அந்த எழுத்துகளில்தான் நான்காவது கோளாறு. வெளுத்ததைச் சரிசெய்த பிறகு, அவசரத்தில், பளபளப்பு இன்னொரு படலம் பெறாமலே டீகால் ஒட்டப்பட்டது. தின்னரால் தெளிந்த பரப்பு கண்ணுக்குப் பளபளத்தாலும் விரலுக்குச் சொரசொரப்பாகவே இருந்தது. குழிகளில் நின்ற காற்று டீகாலுக்கு அடியில் வெள்ளியாக மினுங்கியது. பழைய ஊசி முனையால் வெள்ளி தெரிந்த இடத்தில் மட்டும் ஏழெட்டுத் துளைகள் குத்தி, டீகாலை இளக்கிப் படியவைக்கும் மைக்ரோ சால் திரவம் தொட்டு, ஈரப் பஞ்சால் ஒற்றி, ஓர் இரவு விட்டு மறுபடியும் செய்ததில் மூன்றாம் முறை அடங்கியது. மைக்ரோ சால் பட்டதும் டீகால் சுருங்கி நெளியும். அப்போது அதைத் தொடவே கூடாது, தானாகப் படியும். இதை முன்கூட்டித் தவிர்க்கும் சோதனை எளிது: பல்பின் பிம்பம் இறக்கையில் விளிம்பு சிதையாமல் தெரிந்தால் டீகாலுக்குத் தயார்.

கேனோபி

கலங்கிய கேனோபியை 2000 எண் தாளால் ஈரமாகத் தேய்த்து, பற்பசையால் மெருகேற்றியபோது முக்கால்வாசித் தெளிவு வந்தது. உட்புறத்தையும் அதேபோல் செய்ய வேண்டும்; பலர் அதை விட்டுவிடுகிறார்கள். சட்டங்களுக்கு வண்ணம் அடித்த டேப்பை 0.6 மி.மீ. பட்டைகளாக வெட்டி ஒட்டியது, கையால் மாஸ்க் செய்வதைவிட நேராக வந்தது.

ஒட்டியது ஃபெவிகாலால், அது சரியான தேர்வு. ஆனாலும் மூன்றாம் நாள் உட்புறம் வெண்புகை படிந்திருந்தது. கருவிப் பலகைக்குப் போட்ட ஃபெவிக்விக் ஒரு மாதம் முன்பே இறுகியது. புகை அதிலிருந்து நேராக வரவில்லை. இருக்கையின் வார் ஒன்று கழன்று, கேனோபி ஒட்டுவதற்கு முந்தின மாலை அதே பசையில் ஒரு துளி வைக்கப்பட்டிருக்கிறது. முதல்முறை பலகையில் ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியம். முதல்முறை காக்பிட் திறந்திருந்தது. இம்முறை ஆவி வெளியேறும் முன் மூடப்பட்டது. அந்த ஆவி ஈரத்தைக் கண்டால் அங்கேயே இறுகி வெண்தூளாகப் படியும், மூடிய காக்பிட்டில் அதற்கு வேண்டிய ஈரம் இருந்தது. கழற்ற முடிந்ததற்குக் காரணம் ஃபெவிகால் மட்டுமே: ஈரத் தூரிகையால் விளிம்பை அரை மணி நேரம் நனைத்ததும் கேனோபி கையோடு வந்துவிட்டது. புகையை மெருகேற்றி நீக்கி, காக்பிட்டை நான்கு நாள் திறந்து வைத்து மறுபடி ஒட்டப்பட்டது. ஈரக்காற்றில் ஃபெவிகால் தெளிய இரண்டு நாள் எடுத்தது. கோடையில் ஓர் இரவு போதும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய அக்டோபரில் மாடலை விளக்கின் சாய்ந்த ஒளியில் திருப்பிப் பார்த்தபோது முதுகுக் கோடு மீண்டிருக்கவில்லை, அடிவயிறும் சமமாகவே இருந்தது. இடது பக்கக் கடைசி எழுத்தின் உள்வளைவில் நகக்கண் அளவு வெள்ளி மிச்சம். மேலே மேட் வார்னிஷ் ஏறிவிட்டதால் மைக்ரோ சால் இனி உள்ளே இறங்காது. அது அப்படியே விடப்பட்டது.